கூலர் வாங்கும் முன் சூட்டை அளந்து பாருங்கள்

ஆட்டோமேட்டிக் கார்களின் சர்வீஸ் கையேடுகளில் 'ஸ்டால் சோதனை' என்று ஒன்று உண்டு. பிரேக்கை இறுக மிதித்துக்கொண்டு, கியரை டிரைவில் போட்டு, ஆக்சிலரேட்டரை முழுக்க அழுத்த வேண்டும். வண்டி நகராது. எஞ்சின் ஒரு குறிப்பிட்ட வேகம் வரை ஏறி அங்கேயே நின்று உறுமும். அந்த வேகத்தைக் குறித்துக்கொண்டு உடனே காலை எடுத்துவிட வேண்டும். ஐந்து விநாடிக்கு மேல் போகக்கூடாது என்று கையேடுகள் எச்சரிக்கும்.

அந்த ஐந்து விநாடிக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. 1997ல் வெளிவந்த ஷெவர்லே கார்வெட் சி5 காரை எடுத்துக்கொள்வோம். 5.7 லிட்டர் வி8 எஞ்சின், 345 குதிரைத்திறன். அது நின்று உறுமும் அந்த ஸ்டால் வேகம் நிமிடத்துக்கு 2,000 சுற்று என்று வைத்துக்கொண்டால், அப்போது அது கொடுக்கும் சக்தி ஏறக்குறைய 80 கிலோவாட். வண்டி நிற்கிறது என்பதால் சக்கரத்துக்கு எதுவும் போய்ச் சேரவில்லை. அத்தனையும் எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே உள்ள டார்க் கன்வெர்ட்டருக்குள் இருக்கிற நாலைந்து லிட்டர் ஆயிலைச் சூடாக்குவதில் கரைகிறது. ஒரு கிலோ ஆயிலின் சூடு ஒரு டிகிரி ஏற 2 கிலோஜூல் போதும். ஆக, விநாடிக்குச் சுமார் பத்து டிகிரி ஏறும். ஐந்து விநாடியில் ஐம்பது டிகிரி.

இந்தச் சூடுதான் ஆட்டோமேட்டிக் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களின் பெரிய கவலை. அமெரிக்காவில் வார இறுதிகளில் சொந்தக் காரை ரேஸ் டிராக்குக்கு ஓட்டிப்போகும் பழக்கம் உண்டு. அப்படிப் போகிறவர்கள், கியர்பாக்ஸுக்குத் தனியாக ஒரு கூலர் வைக்கலாமா என்று ஒரு நாள் யோசிக்கத் தொடங்குவார்கள். வைத்தால் நல்லதுதானே, குளிர்ச்சி எப்படிக் கெடுதலாகும் என்று உடனே தோன்றும். ஆனால் இதை அச்சத்தாலோ ஆசையாலோ முடிவு செய்யக்கூடாது. காரே சொல்லும் இரண்டு எண்களைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

சூடு எங்கிருந்து வருகிறது?

மேனுவல் காரில் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் கிளட்ச் இறுகப் பிடித்துக்கொள்கிறது. டார்க் கன்வெர்ட்டர் உள்ள காரில் அந்த இடத்தில் இருப்பது ஆயில். எஞ்சினோடு சுழலும் தகடுகள் ஆயிலை வீசி எறிகின்றன. எதிரே இருக்கும் டர்பைன் தகடுகள் அந்த வீச்சை வாங்கிக்கொண்டு சுழல்கின்றன. நடுவில் உள்ள ஸ்டேட்டர், திரும்பி வரும் ஆயிலின் திசையை மாற்றி முறுக்குவிசையைப் பெருக்குகிறது.

இந்த ஏற்பாடு கப்பலுக்காகப் பிறந்தது. நீராவி டர்பைன் அதிவேகமாகச் சுழலும். கப்பலின் புரொப்பெல்லரோ மெதுவாகச் சுழன்றால்தான் நன்றாக உந்தும். இரண்டையும் இணைக்க, ஸ்டெட்டின் நகரின் வல்கன் கப்பல் கட்டும் தளத்தில் பணியாற்றிய ஜெர்மன் பொறியாளர் ஹெர்மான் ஃபோட்டிங்கர் 1905ல் இந்த ஏற்பாட்டுக்குக் காப்புரிமை பெற்றார். 1948ல் ப்யூக் நிறுவனத்தின் டைனாஃப்ளோ கியர்பாக்ஸ் மூலம் டார்க் கன்வெர்ட்டர் அமெரிக்கக் குடும்பக் கார்களுக்குள் வந்தது.

ஆயில் வழியாகச் சக்தி கைமாறும்போது டர்பைன் எப்போதும் கொஞ்சம் பின்தங்கித்தான் சுழலும். அந்த நழுவலில் தொலைகிற சக்தி முழுவதும் சூடாகிறது. சீரான வேகத்தில் போகும்போது இந்த இழப்பைத் தவிர்க்க, கன்வெர்ட்டருக்குள்ளேயே ஒரு லாக்-அப் கிளட்ச் வைத்தார்கள். 1949ல் பேக்கார்ட் நிறுவனம் அதைச் செய்தது. எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு, 1970களின் கடைசியிலிருந்து அது பரவலானது. லாக்-அப் பிடித்துவிட்டால் நழுவல் இல்லை. கன்வெர்ட்டரில் சூடும் பிறப்பதில்லை.

சி5 காரில் இருந்த நான்கு கியர் ஆட்டோமேட்டிக்கின் பெயர் 4எல்60-இ. அதன் லாக்-அப் பெரும்பாலும் மேல் கியர்களில், ஆக்சிலரேட்டரை மென்மையாக மிதிக்கும்போது பிடிக்கும். நெடுஞ்சாலையில் போகும் கார் பகல் முழுக்க ஓடினாலும் சூடேறாததற்கு இதுவே காரணம். டிராக்கில் நிலைமை தலைகீழ். வளைவில் பிரேக், வெளியே வரும்போது முழு மிதி, கீழ் கியர், மறுபடி பிரேக். லாக்-அப் பிடிக்க வாய்ப்பே கிடைப்பதில்லை.

தோராயமாக ஒரு கணக்குப் போடலாம். டிராக்கில் சராசரியாக எஞ்சின் பாதித் திறனில், அதாவது 130 கிலோவாட்டில், ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் நூற்றுக்கு எட்டுப் பங்கு கன்வெர்ட்டரிலும் கியர்பாக்ஸிலும் போனால், 10 கிலோவாட் சூடு. பத்து லிட்டருக்குச் சற்று மேற்பட்ட ஆயில், அதைச் சுற்றி எழுபது கிலோ உலோகம், இவை இரண்டும் சேர்ந்து இந்தச் சூட்டை வாங்கிக்கொண்டால் நிமிடத்துக்குப் பத்து டிகிரி ஏறும். டிராக்கில் ஒரு முறை இறங்கினால் வழக்கமாக இருபது நிமிடம் ஓட்டுவார்கள். சூட்டை வெளியேற்ற வழியில்லாத கியர்பாக்ஸ் அந்த நேரத்தைத் தாண்டாது.

ஆயில் என்ன ஆகிறது?

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலை மசகு எண்ணெய் என்று மட்டும் நினைத்துவிடக்கூடாது. அது சக்தியைக் கடத்துகிறது. ஹைட்ராலிக் அழுத்தமாகி வால்வுகளை இயக்குகிறது. கிளட்ச் தகடுகள் எவ்வளவு வழுக்க வேண்டும், எப்போது கவ்வ வேண்டும் என்பதையும் அதுவே தீர்மானிக்கிறது. கடைசியாகச் சொன்ன வேலைக்காக அதில் உராய்வை நெறிப்படுத்தும் வேதிப்பொருள்களைக் கலப்பார்கள்.

ஒரு காலத்தில் அந்தப் பொருள் எண்ணெய்த் திமிங்கிலத்திலிருந்து வந்தது. சூட்டைத் தாங்குவதில் திமிங்கில எண்ணெய்க்கு நிகர் அன்று இல்லை. அழியும் உயிரினங்களைக் காக்க 1970களின் தொடக்கத்தில் அமெரிக்கா சட்டம் கொண்டுவந்ததும் மாற்று தேட வேண்டியதாயிற்று. அப்படி வந்த புதிய டெக்ஸ்ரான் ரக கியர்பாக்ஸ் ஆயில் ஒன்று, ரேடியேட்டருக்குள் இருந்த கியர்பாக்ஸ் கூலரின் உலோகப் பற்றவைப்பை அரித்ததால் சேர்மானத்தை மீண்டும் மாற்றினார்கள். கூலரும் ஆயிலும் ஒன்றையொன்று எவ்வளவு சார்ந்தவை என்பதற்கு இது நல்ல சான்று.

சூடு ஏற ஏற வேதிவினைகள் வேகம் பிடிக்கும். ஸ்வீடன் நாட்டு வேதியியலர் ஸ்வாந்தே அர்ஹீனியஸ் 1889ல் இதற்குச் சமன்பாடு தந்தார். ஆயில் விஷயத்தில் அதன் நடைமுறை வடிவம் எளிது: ஏறக்குறைய பத்து டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும். அமெரிக்க ஒர்க்‌ஷாப்களில் வெகுகாலமாகப் புழங்கும் அட்டவணை ஒன்று, 79 டிகிரி செல்சியஸில் 1,00,000 மைல் உழைக்கும் ஆயில் 91 டிகிரியில் 50,000 மைலும், 102 டிகிரியில் 25,000 மைலும், 113 டிகிரியில் 12,000 மைலும்தான் தாங்கும் என்கிறது. பழைய கனிம எண்ணெயை வைத்து எழுதிய கணக்கு அது. இன்றைய செயற்கை ஆயில்கள் இன்னும் கூடுதலாகத் தாங்கும். ஆனால் இறங்குமுகத்தின் போக்கு அதேதான்.

115 டிகிரியைத் தாண்டினால் ஆயில் கெட்டு, வார்னிஷ் போலப் படிந்து, மெல்லிய வால்வுகளைச் சிக்கவைக்கும். 127 வாக்கில் ரப்பர் சீல்கள் இறுகிக் கல்லாகத் தொடங்கும். 145-ஐ நெருங்கினால் கிளட்ச் தகடுகள் பிடி இழந்து வழுக்கும். வழுக்கினால் மேலும் சூடு. செர்ரிச் சிவப்பாக இருந்த ஆயில் பழுப்பாகிக் கருகிய வாடை அடித்தால், உள்ளே இது நடந்து முடிந்துவிட்டது என்று பொருள்.

ஏற்கெனவே ஒரு கூலர் இருக்கிறது

தனிக் கூலர் பற்றி யோசிக்கும் பலர் மறந்துவிடும் சங்கதி இது. சி5 காரிலும், அது போன்ற பெரும்பாலான ஆட்டோமேட்டிக் கார்களிலும், முன்னால் உள்ள ரேடியேட்டரின் பக்கவாட்டுத் தொட்டிக்குள் சிறிய கூலர் ஒன்று மூழ்கியிருக்கிறது. எடைச் சமநிலைக்காக சி5-ன் கியர்பாக்ஸைப் பின்சக்கரங்களுக்கு இடையில் வைத்திருப்பதால், ஆயில் குழாய்கள் காரின் நீளத்துக்கு முன்னே வந்து, தொட்டியைச் சுற்றிவிட்டுத் திரும்பிப் போகின்றன.

அந்தச் சிறிய கூலரை யாரும் குறைத்து எடைபோட வேண்டாம். ஒரு உலோகப் பரப்பிலிருந்து காற்று வாங்கும் சூட்டைப் போலப் பல மடங்கை ஓடும் திரவம் வாங்கிக்கொள்ளும். அதனால்தான் கையளவே உள்ள கூலர் கிலோவாட் கணக்கில் சூட்டை இறக்குகிறது. குளிர்காலக் காலையில் இது எதிர்வேலையும் செய்கிறது: எஞ்சினின் கூலன்ட் முதலில் சூடேறி, கியர்பாக்ஸ் ஆயிலையும் வெதுவெதுப்பாக்கிக் கொடுக்கிறது.

ஆனால் இதற்கு ஒரு தரைமட்டம் உண்டு. கூலன்டின் சூட்டுக்குக் கீழே ஆயிலை அதனால் இறக்கவே முடியாது. சி5-ன் ரேடியேட்டர் விசிறி, தொழிற்சாலை அமைப்பின்படி, கூலன்ட் சுமார் 108 டிகிரியைத் தொட்ட பிறகே சுழலத் தொடங்கும். நெரிசலில் நிற்கும் காரின் கியர்பாக்ஸ் ஆயில் சூடாக இருப்பதில் வியப்பில்லை. டிராக்கில் கூலன்ட் 100-ம் ஆயில் 115-ம் இருந்தால், சூட்டைத் தள்ளிவிட நடுவில் பதினைந்து டிகிரி வித்தியாசம்தான் இருக்கிறது. வெளிக்காற்று 25 டிகிரி என்றால் அதே ஆயிலுக்கும் காற்றுக்கும் இடையே 90 டிகிரி இருக்கிறது. தனிக் கூலரின் பலம் இந்த வித்தியாசத்தில் இருக்கிறது.

இரண்டு எண்களும் ஒரு வளைகோடும்

சி5-ன் டாஷ்போர்டில் பொத்தான்களை அழுத்தி வந்தால் கூலன்டின் சூட்டையும் கியர்பாக்ஸ் ஆயிலின் சூட்டையும் பார்க்கலாம். மற்ற கார்களில் ஓ.பி.டி. சாக்கெட்டில் செருகும் சிறிய ஸ்கேனர் போதும். ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். 4எல்60-இ-ல் வெப்ப உணரி, சம்ப்புக்குள் வால்வுபாடியின் மேல் இருக்கிறது. அது காட்டுவது கலந்து ஆறிய ஆயிலின் சூடு. கன்வெர்ட்டரை விட்டு வெளியே பாயும் ஆயில் அதைவிடச் சூடாக இருக்கும்.

பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்து, ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் இரண்டு எண்களையும் எழுதச் சொல்லுங்கள். மூன்று விதமான படங்கள் கிடைக்கும்.

முதலாவது: ஆயிலின் சூடு முதல் சில சுற்றுகளில் ஏறி, 105 வாக்கில் சமதளமாகிவிடுகிறது. பிறக்கும் சூடும் வெளியேறும் சூடும் சமமாகிவிட்டன. கூலர் தேவையில்லை, ஆயிலை அடிக்கடி மாற்றினால் போதும்.

இரண்டாவது: கூலன்ட் ஏறுகிறது, அதன் பின்னாலேயே பத்துப் பதினைந்து டிகிரி இடைவெளியில் ஆயிலும் ஏறுகிறது. கோளாறு கியர்பாக்ஸில் இல்லை, ரேடியேட்டரில். சி5 இதற்குப் பேர்போனது. அதன் மூக்கில் பெரிய காற்றுத் திறப்பு கிடையாது. பம்பருக்கு அடியிலிருந்து, தரையை ஒட்டி, காற்றை உறிஞ்சுகிறது. சருகு, பஞ்சு, பிளாஸ்டிக் உறை எல்லாம் காற்றோடு போய் ஏ.சி. கண்டன்ஸருக்கும் ரேடியேட்டருக்கும் இடையே மெத்தைபோல அடைந்துகொள்ளும். அடியில் தொங்கும் காற்றுத் தடுப்புப் பட்டை உடைந்து போயிருந்தாலும் காற்று மேலே திரும்பாது. இந்தக் காரில் புதுக் கூலரைக் கொண்டுபோய் ரேடியேட்டருக்கு முன்னால் மாட்டினால், மூச்சு முட்டும் இடத்தில் இன்னொரு தடை சேரும். சருகை எடுங்கள், பட்டையை மாற்றுங்கள், மறுபடி அளந்து பாருங்கள்.

மூன்றாவது: கூலன்ட் நிலையாக நிற்கிறது, ஆயில் மட்டும் சுற்றுக்கு மூன்று நான்கு டிகிரி ஏறிக்கொண்டே போகிறது, சமதளம் வரவில்லை. 120-ஐத் தாண்டியும் ஏறுகிறது. ரேடியேட்டருக்குள் இருக்கும் சிறிய கூலரின் கொள்ளளவு தீர்ந்துவிட்டது. தனிக் கூலர் வேண்டியது இந்தக் காருக்குத்தான்.

இதோடு நாலாவதாக ஒன்றைச் சேர்க்கலாம். நேர்கோட்டு டிராக் ரேஸுக்காக அதிக ஸ்டால் வேகமுள்ள கன்வெர்ட்டரை மாற்றிப் பொருத்தியவர்கள், அளப்பதற்கு முன்பே கூலரைப் பொருத்திவிடலாம். சாதாரணமாக ஓட்டும்போதே அது கூடுதலாக நழுவும்.

தொழிற்சாலைப் பொறியாளர்களும் இப்படித்தான் முடிவெடுத்திருக்கிறார்கள். 2005ல் வந்த அடுத்த தலைமுறை கார்வெட் சி6-ல், கடினமாக ஓட்டுபவர்களுக்கான இசட்51 தொகுப்பை வாங்கினால் எஞ்சின் ஆயில், டிரான்ஸ்மிஷன், பவர் ஸ்டியரிங் மூன்றுக்கும் கூலர் சேர்ந்து வந்தது. எல்லாருக்கும் அதைத் திணிக்கவில்லை.

குளிர்ந்தாலும் கேடு

டெக்ஸ்ரான்-3 ரக ஆயிலின் பாகுத்தன்மை 100 டிகிரியில் இருப்பதைவிட 40 டிகிரியில் நாலைந்து மடங்கு அதிகம். உறைநிலைக்கு அருகில் இன்னும் எத்தனையோ மடங்கு. கெட்டியான ஆயிலைத் தள்ளப் பம்ப் கூடுதலாகப் பாடுபடும், எரிபொருள் வீணாகும், கியர் மாற்றம் மந்தமாகும். ஆயில் ஓரளவு சூடாகும் வரை கம்ப்யூட்டர் லாக்-அப்பைப் பிடிக்கவிடாது. ஆயிலில் சேரும் ஈரமும் போதிய சூடு இல்லாவிட்டால் ஆவியாகி வெளியேறாது. கெண்டக்கியிலோ மிச்சிகனிலோ ஜனவரி மாதத்தில் பெரிய கூலரோடு அலுவலகத்துக்குப் போய்வரும் கார், தனக்கு உரிய 80 டிகிரியை எட்டாமலே ஓடிக்கொண்டிருக்கும்.

இதற்குத் தீர்வு தெர்மோஸ்டாட் வால்வு. ஆயில் 80 டிகிரியை எட்டும் வரை அது கூலருக்கான பாதையை அடைத்து, ஆயிலைக் குறுக்கு வழியில் திருப்பிவிடும். பிறகு சிறிது சிறிதாகத் திறந்து, வெந்நீர் விளாவுவதுபோலச் சூடான ஆயிலோடு ஆறிய ஆயிலைக் கலந்து பதமாக அனுப்பும். குளிர்நாட்டில் ஓடும் காருக்கு இந்த வால்வு இல்லாமல் கூலர் பொருத்துவது அரைகுறை வேலை.

வைப்பதென்றால் எப்படி?

ஆயில் முதலில் ரேடியேட்டருக்குள் உள்ள கூலருக்குப் போக வேண்டும், அடுத்துத் தனிக் கூலருக்கு, பிறகு கியர்பாக்ஸுக்கு. இந்த வரிசையில் ரேடியேட்டர் பெரும் சூட்டைத் தணிக்கிறது. தனிக் கூலர், கூலன்டால் இறக்க முடியாத மிச்சத்தை இறக்குகிறது.

தட்டுகளை அடுக்கிச் செய்த கூலர், வளைந்த குழாயில் துடுப்புகள் கோத்த பழைய மாதிரியைவிட அதே அளவில் அதிகம் குளிர்விக்கும். ஆயில் ஓட்டத்தையும் குறைவாகவே தடுக்கும். ஓட்டம் தடைபட்டால் கியர்பாக்ஸின் உள்ளே மசகு குறையும் என்பதால் இது முக்கியம். ரேடியேட்டருக்கு முன்னால் வைத்தால் அதற்குப் போகும் காற்று சில டிகிரி சூடாகும். ஆனால் அந்தச் சூடு, கூலர் இல்லாவிட்டால் கூலன்ட் வழியாக ரேடியேட்டருக்கே வந்து சேர்ந்திருக்கும். கூட்டிக் கழித்தால் கூலன்டின் சுமை குறையத்தான் செய்யும்.

பொதுவாகக் கோளாறு கூலரில் வருவதில்லை, இணைப்புகளில் வருகிறது. கியர்பாக்ஸ் ஆயிலின் சூட்டையும் அழுத்தத்தையும் தாங்கும் ஹோஸ் வேண்டும். பெட்ரோல் ஹோஸை வெட்டி மாட்டக்கூடாது. கிளிப் தளர்ந்து, சைலன்ஸர் குழாயின் மேல் ஆயில் பீய்ச்சினால் தீப்பிடிக்கும். குழாய் எதன் மீதும் உராயாமல் கட்டி, முதல் ஓட்டத்துக்குப் பிறகு ஒவ்வொரு இணைப்பையும் துணியால் துடைத்துக் கசிவு பார்க்க வேண்டும். ஆயில் மட்டத்தையும் மறுபடி சரிபார்த்து, கூலர் வாங்கிக்கொண்ட அளவை ஊற்ற வேண்டும்.

காசு செலவில்லாத வழிகளும் உண்டு. ஓட்டத்தின் கடைசிச் சுற்றை மேல் கியரில், மெல்லிய மிதியில் ஓட்டினால் லாக்-அப் பிடிக்கும்; கன்வெர்ட்டரில் சூடு பிறப்பது நிற்கும், வெளியேறுவது தொடரும். உள்ளே வந்ததும் எஞ்சினை உடனே அணைக்காமல் சில நிமிடம் நியூட்ரலில் ஓடவிட வேண்டும். எஞ்சின் நின்றால் ஆயில் பம்பும் நின்றுவிடும். கன்வெர்ட்டரில் தேங்கிய ஆயில் அங்கேயே வேகும்.

நம் ஊர் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. இங்கே விலை குறைந்த 'ஆட்டோமேட்டிக்' கார்கள் பலவும் ஏ.எம்.டி. வகை. அவற்றில் டார்க் கன்வெர்ட்டர் கிடையாது. இந்தக் கூலர் பேச்சு அவற்றுக்குப் பொருந்தாது. டார்க் கன்வெர்ட்டர் உள்ள காரில் கோடை வெயிலில் மலைப்பாதை ஏறுபவர்களுக்கு இதே இயற்பியல்தான்: கொண்டை ஊசி வளைவுகளில் கீழ் கியர், முழுச் சுமை, குறைந்த வேகம், குறைந்த காற்று. காற்றே 40 டிகிரியில் இருந்தால் தனிக் கூலரின் பலமும் ஆறில் ஒரு பங்கு குறைந்துவிடும்.

என் தீர்ப்பு இதுதான். அலுவலகத்துக்கும் நெடுஞ்சாலைக்கும் மட்டுமே போகும் ஆட்டோமேட்டிக் ஸ்போர்ட்ஸ் காருக்குத் தனிக் கூலர் வேண்டாம். அந்தப் பணத்தில் ஆயிலை மாற்றி, ரேடியேட்டரைச் சுத்தம் செய்யுங்கள். டிராக்கில் ஓட்டி, கூலன்ட் நிலையாக இருக்க ஆயில் மட்டும் ஏறுவதைக் கண்ணால் பார்த்தவர்கள் தயங்காமல் கூலர் வைக்கலாம், தெர்மோஸ்டாட் வால்வோடு. வைத்த பிறகு அதே டிராக்கில் அதே வேகத்தில் ஓட்டி, மறுபடி எழுதிப் பாருங்கள். ஏறிக்கொண்டே போன கோடு இப்போது 100-ஐ ஒட்டிச் சமதளமானால், செலவழித்த பணம் வேலை செய்கிறது. ஆகாவிட்டால், சூடு வேறு எங்கோ பிறக்கிறது. அதைத் தேட வேண்டும்.